குருவிக்கானல் குழாய்க்கு விக்கல் வந்த வருடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருடம் மார்ச் மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் குருவிக்கானல் எஸ்டேட்டின் தண்ணீர்க் குழாய்க்கு விக்கல் வந்தது. அன்று சின்னக்கானல் கடையில் பச்சை மிளகாய் வீசை ஆறணா. ஆகாயத்தில் மேகம் இல்லை. வேறு விசேஷம் எதுவும் இல்லாத நாள் என்று காட்டத்தான் இவற்றைச் சொல்கிறேன். ஓடைக்கரைப் பம்ப் கொட்டகையில் புறப்பட்டு, தேயிலைச் சரிவில் ஆறாயிரம் அடி ஏறி, கூலிக்காரர்கள் குடியிருக்கும் மேல்லயத்துக்குப் பின்னால் உள்ள தொட்டியில் போய் முடியும், முந்தின சனிக்கிழமைதான் மாற்றிப் போட்டு முடித்த நாலங்குல இரும்புக் குழாய் அது. பம்ப் டிரைவர் மத்தியாஸ் ஆயில் இன்ஜினைக் கிளப்பிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. குழாய் முதலில் தொண்டையைச் செருமியது. பிறகு, தான் படுத்திருந்த கல் தாங்கிகளை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பி, 'விக்' என்று சொல்லி, மறுபடி படுத்துக்கொண்டது. இப்படி முப்பது தரம். முப்பத்தோராவது தரத்துக்கு மத்தியாஸ் காத்திருந்தான்; வரவில்லை. பாதி மலை ஏறியிருந்த தண்ணீர் மட்டும் ஏறிய வழியே இறங்கி ஓடைக்கு வந்து சேர்ந்தது. குழாயின் மூட்டுகளில் பதினேழு இடத்தில் கசிந்தது. அவற்றையெல்லாம் இறுக்கி முடிக்க மாலை நான்கு மணி ஆயிற்று. நான்கு இருபதுக்கு விக்கல் திரும்பவும் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஐந்து பத்து, மாலை நான்கு இருபது, நேரம் தவறியதே இல்லை. பீர்மேட்டுக்குப் போகிற பஸ்ஸுக்குக்கூட அந்த ஒழுங்கு கிடையாது. குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்கும் அதே நேரத்தில் அதே முப்பது விக்கல் வந்தது. மாலையில் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கூடையும் விக்க, தராசு முள்ளும் விக்க, கணக்கப்பிள்ளை எந்த எடையைப் பிடிப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். பெரிய துரை மாலையில் தன் சாராயத்தில் ஊற்றிக்கொள்கிற தண்ணீரும் அதே தொட்டியிலிருந்து வந்ததுதான். பங்களாவில் சமைக்கிறவன் அதை வெளியே சொல்லக்கூடாது என்று கட்டளை. சொல்லவில்லை, நடித்துத்தான் காட்டினான்.

சிரிப்பெல்லாம் முதல் வாரத்தோடு சரி. தொட்டியில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட நிற்கவில்லை. ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவராக இருபத்தெட்டுக் குடும்பங்கள் இருக்கிற நீளக் கட்டடம்தான் மேல்லயம். அங்கிருந்து பெண்கள் ஒரு மைல் கீழே இறங்கி ஓடையில் குடம் நிரப்பி ஏறினால் கொழுந்து எடுக்கப் போக எட்டு மணி ஆகிவிடும். கொழுந்து காத்திருக்குமா? முற்றியது. பத்தாம் நாள் துரை மேல்லயத்து வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டார். குருத்தோலை ஞாயிறு, அதாவது ஏப்ரல் மூன்றாம் தேதி மாலைக்குள் தொட்டி நிரம்பி வழிய வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மேல்லயத்தைப் பூட்டி, குடும்பங்களைக் கம்பெனியின் மற்ற மூன்று தோட்டங்களுக்குப் பங்கு வைத்துவிடுவார். பட்டியலும் தயாராக இருந்தது.

அந்தப் பட்டியலில் மத்தியாஸின் மனைவி கத்தரீனாள் சூரியநெல்லிப் பக்கத் தோட்டம். அவள் தங்கை அன்னாள் பீர்மேட்டுப் பக்கம். கடைசித் தங்கை மதலேனம்மாளுக்குப் பெயரே கேள்விப்படாத ஒரு புதுத் தோட்டம். மூவரும் மேல்லயத்தில் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வீடுகளில் இருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவர்கள் சண்டை போடாத நாள் பெரிய வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கும் ஜாடையில் போடுவார்கள். அடுப்புப் புகை யார் வீட்டுக்குப் போகிறது, கோழி யார் வீட்டில் முட்டையிட்டது, வாங்கிய உப்பைத் தலைதட்டித் திருப்பிக் கொடுத்தார்களா, குவித்துக் கொடுத்தார்களா, இப்படி. பட்டியலைக் கேட்ட அன்று மூன்று வீட்டிலும் சத்தமே இல்லை. லயத்துக்காரர்கள் பயந்துபோனார்கள். கத்தரீனாள் புருஷனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "இந்த ரெண்டு பேரு கூடயும் சண்டை போடாம எனக்குச் சோறு எறங்காது. எப்படியாவது அந்தக் குழாயைச் சரி பண்ணிருங்க." சொல்லிவிட்டு அழுதாள். மத்தியாஸ் அவள் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை.

விக்கலுக்கு என்ன வைத்தியம் என்று யாருக்குத் தெரியாது? முதலில் சர்க்கரை. ஒரு சேர் சர்க்கரையைக் குழாய்க்குள் கொட்டினார்கள். விக்கல் நிற்கவில்லை, மேல்லயத்துக்கு அன்று கிடைத்த நாலு குடம் தண்ணீரிலும் சர்க்கரை போடாமலே தேத்தண்ணி இனித்தது. அடுத்தது அதிர்ச்சி வைத்தியம். விக்குகிறவன் மேல் திடீரென்று ஒரு திருட்டுப் பட்டம் கட்டினால் அவன் திடுக்கிட்டு விக்கலை மறந்துவிடுவான் அல்லவா? குழாய்ப் பாதையைக் காவல் பார்க்கிற மொக்கையன் பதுங்கிப் பதுங்கிப் போய், குழாயின் காதாகத் தோன்றிய ஒரு வளைவில் குனிந்து, "ஏய், கங்காணி வீட்டுச் சேவலைக் களவாண்டது நீதானாமே?" என்று கத்தினான். விக்கல் நின்றது. கூடவே தண்ணீரும் நின்றது. ஓடையில் இன்ஜின் உறுமுகிறது, குழாய் ஒரு சொட்டுக்கூட வாங்க மாட்டேன் என்கிறது. குழாய்க்குக் கோபம் என்று எல்லோருக்கும் புரிந்தது. நியாயமான கோபம்தான், அந்தச் சேவல் மொக்கையன் வீட்டுக் குழம்பில் போனது ஊரறிந்த விஷயம். இரண்டு நாள் கழித்து மொக்கையன் வெற்றிலை பாக்கு வைத்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் குழாய் தண்ணீரை ஏற்றுக்கொண்டது. விக்கலையும் சேர்த்துத்தான்.

கடைசியில் மிச்சம் இருந்தது பெயர் சொல்லும் வைத்தியம். விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். நினைக்கிற ஆளின் பெயரைச் சரியாகச் சொன்னால் விக்கல் அந்த இடத்திலேயே நிற்கும். கத்தரீனாள்தான் இதை எடுத்துச் செய்தாள். இருபத்தெட்டுக் குடும்பத்துப் பெயர்களையும், செத்தவர்கள் உட்பட, குழாயின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். பங்கு சாமியார் பெயர், துரை பெயர், துரையின் நாய் பெயர். குழாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விக்கியது.

இதற்கிடையில் துரை எழுதிய கடிதத்தின்பேரில் மார்ச் இருபத்திரண்டாம் தேதி கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஓவர்சியர் சிவராமகிருஷ்ணன் வந்து இறங்கினார். பாலக்காட்டுக்காரர். கல்பாத்திப் பக்கம் ஒரு கோயில் தெருவில் வீடு. பாலக்காடு அப்போது மதராஸ் ராஜ்யம், குருவிக்கானல் இருக்கிற தேவிகுளம் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி. ஆகவே ராஜ்யம் விட்டு ராஜ்யம் வந்த மனிதர் என்று லயத்தில் அவருக்குத் தனி மதிப்பு. முப்பத்தெட்டு வயது, பஞ்சகச்சத்துக்கு மேல் கோட்டு, கையில் குடை, வெல்வெட் வைத்த மரப்பெட்டிக்குள் ஒரு அழுத்தமானி, சட்டைப் பையில் நிறுத்துக் கடிகாரம். தன் சோற்றைத் தானே பொங்கிக்கொண்டார். விக்கல், பெயர், சர்க்கரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் என்னத்துக்காக்கும்? குழாய்க்குள்ளே ஏதோ அடைச்சிண்டிருக்கு. எத்தனாவது அடியில்னு நான் சொல்றேன், தோண்டுங்கோ" என்றார். அன்று மாலை நான்கு இருபதுக்கு அவருக்கும் முப்பது விக்கல் வந்தது. தண்ணீர் மாறினதால் என்று சொல்லிக்கொண்டார்.

அவருடைய முறை இது. தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைப் படாரென்று மூடினால் குழாய்க்குள் ஓர் அடி விழும். அந்த அடி தண்ணீருக்குள்ளேயே விநாடிக்கு நாலாயிரம் அடி வேகத்தில் ஓடும். எங்கே அடைப்பு இருக்கிறதோ அங்கே முட்டித் திரும்பி வரும். திரும்பி வந்ததும் அழுத்தமானியின் முள் துள்ளும். போய்வர எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பிடித்தால் அடைப்பு எவ்வளவு தூரத்தில் என்று கணக்கு சொல்லிவிடும். பந்தைச் சுவரில் எறிந்து சுவரின் தூரத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி. மத்தியாஸுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலை வால்வை மூடினார்கள். முள் ஒன்று புள்ளி ஆறு விநாடியில் துள்ளியது. மூவாயிரத்து இருநூறாவது அடி. அங்கே போய்க் குழாயைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடி மாதிரி சுத்தம். அடுத்த நாள் ஒன்று புள்ளி இரண்டு விநாடி. இரண்டாயிரத்து நானூறாவது அடி. அங்கேயும் சுத்தம். மூன்றாம் நாள் முள் துள்ளவே இல்லை. ஓவர்சியர் காத்திருந்து அலுத்து, கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டுக் காப்பி ஆற்றப் போனார்.

டம்ளரை வாயருகே கொண்டுபோன சமயம் குழாய்க்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. இரும்பின் சத்தம் அல்ல. பித்தளையின் சத்தம். முள் துள்ளி நின்றது. கடிகாரம் இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி காட்டியது. மத்தியாஸ் சந்தோஷமாகக் கணக்குப் போட ஆரம்பித்தான். அவனுக்குள் அந்த முறை அப்படி ஊறியிருந்தது. போக வர ஆறு லட்சத்து அறுபத்து நாலாயிரம் அடி, அதில் பாதி மூன்று லட்சத்து முப்பத்திரண்டாயிரம், அதை மைலாக்கினால் அறுபத்து மூன்று மைல். "சாமி, நம்ம குழாயே ஒரு மைலுதான இருக்கு?" என்று கேட்டான். ஓவர்சியரின் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று மைல், காக்கை பறக்கிற வழியில், எந்த ஊர் என்று அவருக்குப் படம் பார்க்காமலே தெரியும். அந்த 'டங்'கையும் தெரியும். பதினோரு வருடமாகக் கேட்டுவந்த சத்தம். அவர் மனைவி கோபத்தில் பித்தளைக் குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம்.

அவர் எழுந்து போய்க் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தார்ப் பூச்சுக்கு அடியில் உளியால் வெட்டிய ஒரு எண், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி. அவர் கை எழுத்து. விஷயம் இதுதான். அவர் தெருக்காரர்கள் சேர்ந்து கிணற்றில் மோட்டார் வைத்து, தெருவுக்குச் சொந்தமாகக் குழாய் போட்டிருந்தார்கள். போன வருடம் பழைய குழாயைப் பெயர்த்துவிட்டுப் பெரிய குழாய் போட்டபோது, அழுத்தம் அங்கேதான் சரியாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, தன் வீட்டு வாசலில் இருந்த குழாயடியை எட்டு வீடு தள்ளிக் கோயில் மூலைக்கு மாற்றியவர் சாட்சாத் சிவராமகிருஷ்ணன்தான். பழைய குழாயை இரும்புக்கடைக்காரன் எடுத்துப் போனான். அது மலையேறி இங்கே வந்து படுத்திருக்கிறது. அவர் மனைவியோ தினம் காலை ஐந்து பத்துக்கும் மாலை நான்கு இருபதுக்கும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டு வீடு நடந்து போய் எட்டு வீடு நடந்து வருகிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலைந்து அடிக்கு ஒரு தரம் பழைய குழாயை நினைத்துக்கொள்கிறாள். போக வர முப்பது தரம் ஆகும்போல. கல்லையும் மண்ணையும் தாண்டி அந்த நினைப்பு எப்படி வந்தது என்று கேட்டால், தண்ணீர் பழகிய வழியை மறக்காது என்று லயத்தில் சொல்வார்கள். எனக்கு இதில் தனி அபிப்பிராயம் கிடையாது.

ஓவர்சியர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கடிதம் எழுதினார். 'நீ அந்தப் பழைய குழாயை நினைக்க வேண்டாம்' என்று ஒரே வரி. அந்தத் தெருவில் புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினால் மேலுறையில் அவள் பெயர் இருக்காது. மைத்துனன் வெங்கிடாசலம் பெயருக்குத்தான் வரும். மார்ச் இருபத்தெட்டு, திங்கட்கிழமை, கடிதம் பாலக்காட்டில் கிடைத்தது. நினைக்காதே என்று ஒருத்தியிடம் சொல்லிப் பாருங்கள். அன்று முற்பகல் பதினோரு மணி முதல் குழாய் ஓயாமல் விக்க ஆரம்பித்தது. அடுப்பை மூட்டும்போது, சோற்றை வடிக்கும்போது, பூத்தொடுக்கும்போது, விளக்கேற்றும்போது, அவள் நினைத்த போதெல்லாம். குழாய் தாங்கிகளை விட்டு விழுந்து தேயிலைச் செடிகளுக்குள் நெளிந்தது. லயத்தில் செபமாலை சொல்லப் பிள்ளையிலிருந்து பெரியவர் வரை ஒருவராலும் முடியவில்லை. 'அருள் நிறைந்த' என்கிற இடத்திலேயே எல்லோரும் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

கடிதம் தபாலுக்குப் போனபோது மேலுறையை மொக்கையன் பார்த்திருந்தான். ஓவர்சியர் எழுதின அந்த ஆள்தான் குழாயை நினைக்கிறான் என்று செய்தி பரவியது. சனிக்கிழமை மாலை மேல்லயம் முழுக்கக் குழாயடியில் கூடி, "வெங்கிடாசலம்!" என்று ஒரே குரலாகக் கத்தியது. குழாய் ஒரு கணம் நின்றது. யோசித்தது. பெயர் கேட்ட பெயர்தான், ஆனால் ஆள் அதுவல்ல என்று முடிவு செய்தது போல மறுபடி விக்கியது. கத்தரீனாள் அப்போது ஓவர்சியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைகள் முகத்தில் பொய்யைக் கண்டுபிடித்தே வளர்ந்தவள். அவளிடம் தப்ப முடியாது. கூட்டம் கலைந்ததும் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒங்களுக்கு ஆளு யாருன்னு தெரியும்."

அவர் குடையைப் பார்த்தார். குடையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"யாரு?"

"எங்காத்திலே."

"சம்சாரமா! அப்பம் பேரைச் சொல்லிர வேண்டியதுதான?"

"அது நடக்கற காரியமில்லை, கேட்டியா. நாலு பேர் முன்னாடி பெண்டாட்டி பேரை எப்படிச் சொல்றது? ஆத்துக்குள்ளேயே சொன்னதில்லை நான்."

இது மிகைப்படுத்தல் அல்ல. அந்தத் தெருவில் பெண்டாட்டிகள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. புருஷர்களுக்கும் பெண்டாட்டி பெயர் வாயில் வராது என்பது அவ்வளவாகத் தெரியாது. பதினோரு வருடமாக அவர் மனைவியைக் கூப்பிட்டது மூன்று விதமாக: ஒரு செருமல், ஒரு 'இதோ பாரு', மிகவும் பிரியமான சமயங்களில் ஒரு 'கேட்டியா'. கத்தரீனாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேரு வச்சது எதுக்கு சாமி, பெட்டியில பூட்டி வைக்கவா? திங்கக்கெழம எங்க மூணு பேரையும் மூணு மலைக்கு அனுப்புதாக. நீங்க ஒரு பேரைச் சொல்லத் தயங்குதீக. நாளைப் பின்ன நான் அன்னா, மதலேன்னு கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளு இருக்காது. கூப்பிடுத தூரத்துல ஆளு இருக்கையிலயே கூப்பிட்டுக்கிடணும்."

அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. தன் ஒரு சொல்லுக்கு மூன்று வீடு விலை என்பது அவருக்கு உறைத்தது. அதைவிட இன்னொன்றும் உறைத்தது: பதினோரு வருடமாகக் கூப்பிடுகிற தூரத்திலேயே இருந்தவளை அவர் ஒரு தடவையும் கூப்பிடவில்லை.

குருத்தோலை ஞாயிறு அன்று ஓலை தேனிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. பவனி முடிந்ததும் மேல்லயத்தார் நூற்றைம்பது பேரும் வீட்டுக்குப் போகாமல் அப்படியே சரிவில் இறங்கினார்கள். துள்ளுகிற குழாயை அடக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே. ஆறாயிரம் அடிக்கு நாற்பது அடிக்கு ஒருவராகக் குழாய் மேல் ஏறி உட்கார்ந்தார்கள், கையில் குருத்தோலையோடு. குழாய் விக்க, அவர்களும் எழும்பி எழும்பி உட்கார்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையே தலையாட்டுகிற மாதிரி இருந்தது. ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்த மூன்று சகோதரிகளும் தள்ளி உட்காருவது யார் என்று சண்டைகூடப் போடவில்லை. துரை கைக்கடிகாரத்தோடு தொட்டிப் பக்கம் வந்து நின்றார். மத்தியாஸ் கீழே இன்ஜினைக் கிளப்பிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

நான்கு இருபதுக்கு ஓவர்சியர் கோட்டைக் கழற்றி மொக்கையனிடம் கொடுத்துவிட்டு, குழாயில் காற்றுப் போக வைத்திருக்கும் சின்ன வாயைத் திறந்து அதன் முன் மண்டியிட்டார். முதலில் செருமினார். குழாய் சற்று நிதானித்தது. தெரிந்த செருமல் என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும். "இதோ பாரு" என்றார். விக்கல் பாதியாகக் குறைந்தது. "கேட்டியா" என்றார். கால்வாசி ஆயிற்று. நூற்றைம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் சொட்டிற்று. அவர் காது மடலெல்லாம் சிவக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோயில் மணி அடிக்கிற மாதிரி ஒரே போடாகச் சொன்னார்:

"பாகீரதீ!"

சொன்னதும் தயக்கம் உடைந்துவிட்டது போலும். யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். "பாகீரதி, கொழாயை மாத்தினது என் தப்பாக்கும். உன்னண்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எட்டு ஆத்துக்கு அப்பால் போட்டுட்டு நடக்கறது யாருன்னு நான் நினைச்சே பார்க்கலை."

குழாய் அடங்கியது. மத்தியாஸ் கீழே நின்று நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். போக ஒரு நிமிடம் இருபத்து மூன்று விநாடி. அந்த நேரத்துக்குக் கல்பாத்திப் பக்கத்துக் கோயில் மூலைக் குழாயடியில், குடத்தை ஏந்தி நின்ற பாகீரதி, தண்ணீருக்கு முன்னால் தன் பெயர் வருவதைக் கேட்டாள். இது அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ராமலட்சுமி சொன்னது. குடம் நிரம்பி வழிகிற வரைக்கும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். திரும்பி வர இன்னொரு நிமிடம் இருபத்து மூன்று விநாடி. இரண்டு நாற்பத்தாறுக்குக் காற்று வாய் வழியே ஒரு சத்தம் வந்தது. பித்தளைக் குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம்தான். ஆனால் மெள்ள வைத்த சத்தம். ஓவர்சியர் சிவராமகிருஷ்ணன் அத்தனை பேர் முன்னாலும் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் ஏறியது. ஐந்தே முக்காலுக்குத் தொட்டி நிரம்பி வழிந்து துரையின் பூட்ஸை நனைத்தது. அவர் பட்டியலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "குட்" என்று சொல்லிவிட்டு, விக்கல் இல்லாமல் பங்களாவுக்குப் போனார். ஆறு மணிக்கு ஒன்பது, பத்து, பதினொன்றாம் வீட்டு வாசலில் முதல் குடம் யாருடையது என்று பெருத்த சண்டை. மதலேனம்மாள் அக்காளின் குடத்தை உருட்டிவிட்டாள். அன்னாள் இருவர் குடத்தையும் உருட்டிவிட்டாள். கத்தரீனாள் தொண்டை கட்டும் வரை திட்டிவிட்டு, வயிறு நிறையச் சோறு தின்றாள். இரண்டு வாரமாக அவள் அப்படித் தின்றதில்லை என்று மத்தியாஸ் கணக்கு வைத்திருந்தான்.

ஓவர்சியர் ஊருக்குப் போனதும் தெருக் கமிட்டியில் எழுந்து நின்று, அழுத்தக் கணக்கில் தான் ஒரு ஆளைச் சேர்க்க மறந்துவிட்டதாகச் சொன்னார். யாருக்கும் புரியவில்லை, தீர்மானம் நிறைவேறிற்று. சித்திரை பிறந்து நாலாம் நாள் பழையபடி அவர் வீட்டு வாசலில் ஒரு குழாய், கூடவே புழக்கடையில் ஒரு குழாய். புழக்கடைக் குழாயைத் திறந்துவைத்த அன்று மாலை ஏழு மணிக்குப் பாகீரதி குடத்தை வைத்துவிட்டுத் தூணோரம் நின்றாள்.

"அங்கே நூத்தம்பது பேர் முன்னாடி கூப்பிட்டேளே. இங்கே நீங்களும் நானும்தான் இருக்கோம். ஒரு தரம் கூப்பிடப்படாதோ?"

அவர் முயன்றார். செருமல் வந்தது. 'இதோ பாரு' வந்தது. 'கேட்டியா' வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. நெற்றி வியர்த்தது. கடைசியில் அவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குனிந்து, குழாயைத் திறந்து, அதன் வாயருகே வாய் வைத்து அந்தப் பெயரைச் சொன்னார். இந்தத் தடவை கத்தவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் பக்கத்தில் வந்து குனிந்துகொண்டாள்.

ஒரு நிமிடம் இருபத்து மூன்று விநாடி கழித்து, மேல்லயத்துக் குழாயடியில் குடத்தை வைத்துக் காத்திருந்த கத்தரீனாளுக்குத் தண்ணீரோடு ஒரு ஆண்குரலும், அதன் பின்னால் ஒரு பெண்ணின் சிரிப்பும் கேட்டன. பெயர் அவளுக்குத் தெரிந்த பெயர். அவள் சட்டென்று குழாயை மூடினாள். குடம் பாதிதான் நிரம்பியிருந்தது.

"என்னத்துக்குக்கா மூடுத?" என்று மதலேனம்மாளோடு வரிசையில் அடுத்து நின்ற அன்னாள் சண்டைக்குத் தயாரானாள்.

"புருசன் பொஞ்சாதி பேசிக்கிடுதாக. பொறத்தி ஆளு கேக்கப்பிடாது. செத்த நேரம் பொறு."

அன்னாள் வாயை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் அக்காள் சொல்லி அவள் கேட்டது அது ஒன்றுதான். மூவரும் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, சத்தமில்லாமல், கால் மணி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. குருவிக்கானலில் மூன்று துரைகள் மாறினார்கள், ஆயில் இன்ஜின் போய்க் கரண்ட் மோட்டார் வந்தது, ராஜ்யத்தின் பெயர்கூட மாறிற்று. மேல்லயத்தில் மாலை ஏழு மணிக்கு யாரும் குழாயைத் திறப்பதில்லை. தண்ணீர் வேண்டியவர்கள் ஏழேகாலுக்கு வருவார்கள்.